சிப்பிமுனை லீக் மலேசியாவில் கால் பதித்த வரலாறு

சிப்பிமுனையில் ஒரு தொழில்முறைக் கால்பந்து லீக் நடக்கிறது என்பது சிப்பிமுனைக்காரர்கள் எல்லாருக்கும் தெரியும். வேறு யாருக்கும் தெரியாது. தொல்லை அங்கேதான் தொடங்கியது.

தூத்துக்குடிக்குத் தெற்கே கடலை ஒட்டிய சின்ன ஊர் அது. முன்பெல்லாம் மற்ற ஊர்களைப் போல அங்கேயும் சும்மாதான் பந்து உதைத்துக்கொண்டிருந்தார்கள். ஒரு முறை பரிசு கொடுக்க வந்த விளையாட்டு அதிகாரி ஒருவர், "நல்லா ஆடுறீங்க. இனிமேல் தொழில்முறையில் ஆடுங்க" என்று வாழ்த்திவிட்டுக் காரில் ஏறிப் போய்விட்டார். அன்றிலிருந்து சிப்பிமுனையில் அவரவர் தங்கள் தொழில்முறைப்படி ஆட ஆரம்பித்தார்கள்.

ஐஸ் கம்பெனி அணிக்குப் பந்து கிடைத்தால் உடனே அதை ஐஸ்கட்டியைப் போல உமிக்குள் புதைத்து வைத்துவிடும். அப்படி வைத்தால் கெடாது. தையல்காரர் அணி கோல் அடிப்பதற்கு முன் எதிரணிக் கோல்கீப்பரை நிற்க வைத்துத் தோள், மார்பு, கை நீளம் எல்லாம் அளவெடுக்கும். மீன்பிடிக்கிறவர்களின் அணி, கோலுக்குப் பின்னால் கட்ட வேண்டிய வலையை முன்னால் கட்டியது. "வலை முன்னால இருந்தாத்தானே எதுவும் வந்து மாட்டும்?" என்று கேட்டார்கள்.

நடுவர் குருசம்மாள். காலையில் கடற்கரையில் மீன் ஏலம் விடுகிறவர். விசில் வாங்கிக் கொடுத்தார்கள், ஊதவில்லை. குரல் இருக்கும்போது விசில் எதற்கு என்பது அவர் கட்சி. பந்து கோலுக்குள் போனதும் "ஒரு தரம்... ரெண்டு தரம்..." என்று ஆரம்பிப்பார். மூன்று தரம் சொல்லி முடிப்பதற்குள் எதிரணி ஓடிவந்து பந்தை வெளியே எடுத்துவிட்டால் கோல் கிடையாது. எப்படியும் எடுத்துவிடுவார்கள்.

லீக்கின் தலைவர் வியாகப்பன். ஐஸ் கம்பெனி முதலாளி. தங்கமான மனுஷன். அவர் மனசில் ஒரே ஒரு குறை இருந்தது. இத்தனை வருஷம் பந்து உதைத்தும் ஒருத்தர்கூட அவருக்குக் கைதட்டியதில்லை. யாருக்கும் அவர்மேல் கோபமில்லை. தட்டுவதற்கு ஆள் இல்லை, அவ்வளவுதான். ஊரில் எழுந்து நடமாடுகிற அத்தனை பேரும் ஏதாவது ஓர் அணியில் ஆடிக்கொண்டிருந்தார்கள். பார்வையாளர் பக்கம் ஆடுகள் மட்டும் நிற்கும். அவையும் இடைவேளையோடு போய்விடும்.

வியாகப்பனின் மனைவிக்குத் தம்பி தொபியாஸ் மலேசியாவில் கிள்ளான் பட்டணத்தில் சாப்பாட்டுக்கடை வைத்திருந்தார். ஒரு நாள் அவர் போனில் பேசும்போது வியாகப்பன் தன் குறையைச் சொல்லிவிட்டார்.

"அட, இவ்வளவுதானா அத்தான்? லீக்கை மலேசியாவுக்கு விரிவாக்குங்க. இங்க பந்துன்னா ஜனங்க உயிரை விடுவாங்க."

"ஐயையோ! உயிரை விடுவாங்களா? வேண்டாம் மாப்ளே. நமக்கு எதுக்கு அந்தப் பாவம்?"

"அது ஒரு பேச்சுக்குச் சொன்னேன் அத்தான். நல்லாக் கேட்டுக்கோங்க. எடுத்தோம் கவிழ்த்தோம்னு எதுவும் செய்யக் கூடாது. முதல்ல ஆழம் பாத்துட்டு இறங்கணும். அடுத்து இந்த ஊர் ஜனங்களோட நாடியைப் பிடிச்சுப் பாக்கணும். எல்லாம் சரியா இருந்துச்சுன்னா, அழுத்தமாக் கால் பதிச்சிரணும்."

தொபியாஸைக் குறை சொல்லக் கூடாது. ரொம்ப வருஷமாக வெளிநாட்டில் இருந்ததால், சொந்த ஊர்க்காரர்களிடம் எப்படிப் பேச வேண்டும் என்பது அவருக்கு மறந்துபோயிருந்தது.

மறுநாள் ஐஸ் கம்பெனியில் செயற்குழு கூடியது. தலைவரும் நடுவரும் போக, செயற்குழுவில் இன்னும் இரண்டு பேர். செயலாளர் நாகலிங்கம், தையல்காரர். மற்றவர் பீர்க்கண்ணு வைத்தியர். காலில் அடிபட்டாலும் தலையில் அடிபட்டாலும் ஒரே எண்ணெயைத் தடவுகிறவர்.

கூட்டம் ஆரம்பிக்கும்போது குருசம்மாள் தண்ணீர் குடிக்கச் செம்பை எடுத்தார்.

"குருசம்மா!" என்று அலறினார் வியாகப்பன். "எடுத்தது எடுத்துட்டே. கவிழ்த்திராதே! மாப்ளே முதல் வார்த்தையே அதான் சொன்னாரு."

குருசம்மாள் செம்பை அப்படியே வைத்துவிட்டார். ஐஸ் கம்பெனிக்கு நடுவில் உட்கார்ந்துகொண்டு நான்கு பேரும் தாகத்தோடு விவாதித்தார்கள்.

"விரிவாக்குறதுன்னு சொல்லுதியளே, எனக்கு ஒரு சந்தேகம்" என்றார் நாகலிங்கம். "சட்டை பத்தலைன்னா தையலைப் பிரிச்சு ஒட்டுத்துணி வச்சு விரிவாக்கலாம். லீக்கை எந்தப் பக்கம் பிரிக்கிறது?"

"கிழக்கால பிரிங்க. மலேசியா கிழக்கதான் இருக்கு" என்றார் வைத்தியர்.

"நம்மகிட்ட இருக்கிறது ஒரு பந்து" என்றார் குருசம்மாள். "அதை அங்க கொண்டு போயிட்டா இங்க எதை உதைக்கிறது?"

"அங்கேருந்து உதைச்சு விடுவாங்க. இங்க வரும்" என்றார் வியாகப்பன்.

"வரலைன்னா?"

"வரலைன்னா அவுட்டு. த்ரோ நமக்கு."

இது எல்லாருக்கும் நியாயமாகப் பட்டது. அப்போது வைத்தியர் தொண்டையைச் செருமினார். "இதுல ஒரு பெரிய சிக்கல் இருக்கு அண்ணாச்சி. அங்க போய் ஆடினா நாம வெளிநாட்டுக்காரங்க. அவங்களும் நமக்கு வெளிநாட்டுக்காரங்க. ரெண்டு பேருமே வெளியாளுன்னா உள்ளூர்க்காரன் யாரு?"

எல்லாரும் விரலை விட்டு எண்ணிப் பார்த்தார்கள்.

"யாருமில்லைன்னா ரொம்ப நல்லதாப் போச்சு" என்றார் நாகலிங்கம். "உள்ளூர்க்காரன் இருந்தாத்தான் சண்டைக்கு வருவான்."

குருசம்மாளுக்கு மட்டும் மனசு ஒப்பவில்லை. "நான் ஒண்ணு கேக்கேன், கோவிச்சுக்காதிய. நம்ம லீக்கை நம்ம ஊர்லயே ஒருத்தரும் பாக்கலை. ஒருத்தரும் பாக்காத ஒண்ணை அவ்வளவு தூரம் எதுக்குத் தூக்கிட்டுப் போகணும்?"

அன்றைய கூட்டத்தில் பேசப்பட்ட ஒரே அறிவுள்ள பேச்சு அதுதான். ஆகையால் அது குறிப்பில் ஏறவில்லை.

வியாகப்பன் மட்டும் தலையைக் குனிந்துகொண்டு மெல்லச் சொன்னார்: "நம்மைத் தெரிஞ்சவங்க யாரும் தட்டலை குருசம்மா. தெரியாதவங்களாவது தட்டுறாங்களான்னு பாப்போமே. ஒரே ஒரு தடவை கேட்டுட்டாப் போதும் எனக்கு."

"சரி, ஓட்டெடுங்க" என்றார் குருசம்மாள்.

வாக்கெடுப்பு நடந்தது. கால்பந்தில் கையைப் பயன்படுத்துவது தவறு என்பதால் ஆதரிப்பவர்கள் காலைத் தூக்கினார்கள். நாகலிங்கம் ஆர்வத்தில் இரண்டு காலையும் தூக்கி நாற்காலியோடு பின்னால் விழுந்தார். அவருக்கு இரண்டு வாக்கு என்று வைத்துக்கொண்டார்கள். தீர்மானம் நிறைவேறியது.

அடுத்த வேலை ஆழம் பார்ப்பது. நான்கு பேரும் பந்தையும் எடுத்துக்கொண்டு வள்ளத்தில் ஏறிக் கடலுக்குள் போனார்கள். கயிற்றில் கல்லைக் கட்டி இறக்கினார்கள். கயிறு தீர்ந்துபோனது, கல் தரை தட்டவில்லை. நாகலிங்கம் கழுத்தில் கிடந்த அளவுநாடாவை எடுத்துக் கயிற்றின் நுனியில் முடிந்தார். அப்புறம் தட்டியது.

"ஆழம் பாத்தாச்சு" என்றார் வியாகப்பன்.

"பாத்துட்டு இறங்கணும்னு சொன்னாருல்லா?" என்றார் வைத்தியர்.

அது உண்மைதான். யார் இறங்குவது என்று விவாதித்தார்கள். இது நிர்வாக விஷயம், ஆகவே செயலாளர்தான் இறங்க வேண்டும் என்று முடிவானது. நாகலிங்கம் வெள்ளைச் சட்டையோடு இறங்கினார். அவரோடு பந்தும் இறங்கியது. பந்து மிதந்தது. நாகலிங்கம் மிதக்கவில்லை. தலைமுடியைப் பிடித்து மேலே இழுத்துப் போட்டபோது அவர் உப்புத்தண்ணீரைத் துப்பிவிட்டுத் தன் அறிக்கையைச் சொன்னார்: "பந்து தாராளமா வெளிநாடு போகலாம். ஆளுங்கதான் விமானத்துல போகணும்."

பாஸ்போர்ட், டிக்கெட் எல்லாவற்றையும் தொபியாஸே ஏற்பாடு செய்தார். அவர்கள் வந்து நாலு மைதானத்தைப் பார்ப்பார்கள், நாலு பேரோடு பேசுவார்கள் என்று அவர் நினைத்திருந்தார். விமானம் கடலுக்கு மேலே பறந்தபோது நாகலிங்கம் சன்னல் வழியாகக் கீழே எட்டிப் பார்த்து, "ஆழமெல்லாம் நாம பாத்ததுதான்" என்று திருப்தியோடு சாய்ந்துகொண்டார்.

கிள்ளானுக்கு வந்து சேர்ந்த மறுநாள் காலை, தொபியாஸ் கடைக்குப் போனதும், நான்கு பேரும் ஜனங்களின் நாடியைப் பிடிக்கக் கடைத்தெருவுக்குப் புறப்பட்டார்கள். தெருமுனையிலேயே கருத்து வேறுபாடு வந்துவிட்டது.

"நாடின்னா இதானே?" என்று வைத்தியர் தன் மணிக்கட்டைக் காட்டினார்.

"நம்ம ஊர்ல நாடின்னா இது" என்று நாகலிங்கம் தன் மோவாயைத் தொட்டுக் காட்டினார். "பிள்ளை கோவிச்சுக்கிட்டா நாடியைப் பிடிச்சுத்தானே கொஞ்சுதோம்?"

இரண்டுமே நாடிதான். மாப்பிள்ளை எந்த நாடி என்று சொல்லவில்லை. ஆகவே இரண்டையும் பிடிப்பது என்று முடிவானது. எதிரே வருகிறவரின் மணிக்கட்டை வைத்தியர் பிடித்துக் கண்ணை மூடிக்கொள்வார். அதே சமயம் நாகலிங்கம் அவருடைய மோவாயை மெதுவாகப் பிடித்துக்கொள்வார். குருசம்மாள் நடுவராக நின்று, "ஒண்ணும் பயப்படாதிய, கால்பந்து விஷயம்" என்று சொல்வார்.

காய்கறி வாங்க வந்த சீனத்துப் பாட்டி, மோட்டார் சைக்கிள் சாவியோடு நின்ற மலாய்க்காரர், பூக்கடைத் தமிழர் என்று ஒருவரையும் விடவில்லை. சிலர் சிரித்தார்கள். சிலர் கையை உதறிக்கொண்டு ஓடினார்கள். பூக்கடைக்காரர் மட்டும், "அண்ணே, நீங்க எந்த ஆஸ்பத்திரி?" என்று கேட்டார்.

வைத்தியர் முகம் மலர்ந்து வந்து சொன்னார்: "அண்ணாச்சி, கையைத் தொட்ட உடனே எல்லாருக்கும் நாடி படபடன்னு அடிக்கு. உடம்புல பித்தம் ஏகமா ஏறியிருக்கு. பந்துப் பித்துன்னு சொல்லுதாங்களே, அதான் இது. இந்த ஊரு தாங்காம இருக்கு."

"அப்ப கால் பதிச்சிரலாமா?"

"தாராளமாப் பதிக்கலாம்."

வியாகப்பன் இதற்காகவே பந்தாட்டக் காலணிகளைப் போட்டுக்கொண்டு வந்திருந்தார். வலது காலை அழுத்தமாக ஊன்றிப் பார்த்தார். தார் ரோட்டில் பதியவில்லை. குதித்துப் பார்த்தார். அப்போதும் பதியவில்லை. அந்நிய நாடு ரொம்பக் கெட்டியாக இருந்தது. கொஞ்ச தூரத்தில் நடைபாதைக்குப் புதிதாக சிமெண்ட் கலவை போட்டு, சுற்றிக் கயிறு கட்டியிருந்தார்கள். வேலையாட்கள் சாப்பிடப் போயிருந்தார்கள்.

"நமக்குன்னு இளக்கி வச்சிருக்காங்க பாருங்க" என்றார் வியாகப்பன். கயிற்றைத் தாண்டி வலது காலை வைத்தார். கால் கணுக்கால் வரை போனது.

"அழுத்தமா அண்ணாச்சி, அழுத்தமா!" என்றார் நாகலிங்கம்.

அழுத்தினார். ஊன்றிய காலை அவசரப்பட்டு எடுத்தால் பதியாது என்பதால் அப்படியே நின்றார். வெயில் நல்ல வெயில். மற்ற மூன்று பேரும் பக்கத்தில் குடை பிடித்துக்கொண்டு நின்றார்கள். வேலையாட்கள் சாப்பிட்டு, ஒரு தூக்கமும் போட்டுவிட்டு வந்தபோது, வியாகப்பன் மலேசியாவில் மிக உறுதியாகக் கால் பதித்திருந்தார்.

மேஸ்திரி எந்த மொழியில் திட்டினார் என்று அவர்களுக்குத் தெரியவில்லை. ஆனால் மனதாரத் திட்டினார். தெருவில் கூட்டம் கூடியது. யாரோ ஓடிப்போய்த் தொபியாஸையும் கூட்டி வந்தார்கள். இரண்டு பேர் தோளைப் பிடித்து இழுத்தார்கள், வரவில்லை. நாலு பேர் இழுத்தார்கள், வரவில்லை. குருசம்மாள் சேலையைச் செருகிக்கொண்டு முன்னால் வந்து, "இழுங்கலே! ஒரு தரம்..." என்றார். கூட்டமும் சேர்ந்து இழுத்தது. "ரெண்டு தரம்..." கால் அசைந்தது. "மூணு தரம்!"

பொளக் என்று கால் வெளியே வந்தது. காலணி உள்ளேயே நின்றுவிட்டது. வியாகப்பன் மல்லாக்க விழுந்தார். கூடியிருந்த கூட்டம் முழுவதும் "ஓ" என்று கத்திக் கைதட்டியது.

வியாகப்பன் எழுந்திருக்கவில்லை. ஒற்றைக் காலணியோடு தரையில் படுத்தபடி அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருந்தார். கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்து காதுக்குள் போனது.

தொபியாஸ் தலையில் கையை வைத்துக்கொண்டார். "இப்படி நடுத்தெருவுல வச்சு என் மானத்தை வாங்கிட்டியளே அத்தான்!"

"நான் ஒண்ணும் வாங்கலை மாப்ளே" என்றார் வியாகப்பன், கண்ணைத் துடைத்துக்கொண்டு. "எல்லாம் அவங்களாச் சும்மாக் குடுத்தது."

மேஸ்திரி கெட்டுப்போன இடத்தைச் சதுரமாக வெட்டி எடுத்து, காலணி பதிந்த கட்டியை அவர்கள் முன்னால் தூக்கிப் போட்டார். "கொண்டு போய்த் தொலைங்க" என்கிற அர்த்தத்தில் கையைக் காட்டினார். அவர்கள் அதை மரியாதையாகத் துண்டில் சுற்றி எடுத்துக்கொண்டார்கள். தொபியாஸ் அன்று சாயங்காலமே நான்கு பேரையும் விமானத்தில் ஏற்றிவிட்டு, தன் போன் நம்பரை மாற்றிக்கொண்டார்.

ஊர் வந்து இறங்கியதும் விமான நிலையத்தில் ஓர் அதிகாரி கேட்டார்: "மலேசியாவுல இருந்து ஏதாவது கொண்டு வந்திருக்கீங்களா?"

"மலேசியாவுல இருந்து ஒண்ணும் கொண்டு வரலை" என்றார் நாகலிங்கம். "மலேசியாவையே கொஞ்சம் கொண்டு வந்திருக்கோம்."

அதிகாரி துண்டைப் பிரித்துப் பார்த்தார். நான்கு பேரையும் பார்த்தார். துண்டைத் திரும்பச் சுற்றிக் கொடுத்து, "பாத்துப் போங்க" என்றார். அவர்கள் வீடு வரைக்கும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டே போனார்கள்.

ஊரில் மறுபடியும் செயற்குழு கூடியது. வெளிநாடு வந்து சேர்ந்துவிட்டது. அதை எங்கே வைப்பது?

"ஒரு அணி பக்கம் வச்சா மத்த அணி கோவிச்சுக்கும்" என்றார் வியாகப்பன். "நடுவுலதான் வைக்கணும்."

மைதானத்தின் நட்டநடுவில் குழி தோண்டி, மேல்பக்கம் தெரியும்படி கட்டியைப் பதித்தார்கள். காலணி ஆகாயத்தைப் பார்த்து வாயைத் திறந்துகொண்டிருந்தது. ஆட்டம் ஆரம்பிக்கும்போது பந்தை நடுவில்தான் வைக்க வேண்டும். நடுவில் இருப்பது மலேசியா. ஆகவே இனிமேல் ஒவ்வோர் ஆட்டமும் மலேசியாவில் ஆரம்பித்துச் சிப்பிமுனையில் முடியும். லீக் விரிவடைந்துவிட்டது. உலகத்தில் எந்த லீக்கும் இவ்வளவு சுலபமாக எல்லை தாண்டியிருக்காது என்று நாகலிங்கம் சொன்னார்.

இந்தச் செய்தி சுற்றுப்பட்டி ஊர்களுக்குப் பரவியது. சிப்பிமுனையில் மலேசியா இருக்கிறதாம், போய்ப் பார்த்துவிட்டு வரலாம் என்று வேன் பிடித்துக்கொண்டு ஜனங்கள் வந்தார்கள். மைதானத்தைச் சுற்றி முதல்முறையாக மனிதர்கள் உட்கார்ந்திருந்தார்கள். வழக்கமாக நிற்கும் ஆடுகளுக்கு இடமில்லை.

சாயங்காலம் ஐந்து மணிக்கு முதல் சர்வதேச ஆட்டம். ஐஸ் கம்பெனி அணியும் தையல்காரர் அணியும் இறங்கின. பந்தை வைக்கப் போன தையல்காரர் ஒருவரைக் குருசம்மாள் தடுத்தார்.

"ஏய், பாஸ்போர்ட் இருக்கா?"

"இல்லக்கா."

"அப்ப அங்க கால் வைக்கப்படாது. அண்ணாச்சி, நீங்களே வாங்க."

வியாகப்பன் பெருமையோடு வந்து கட்டியின்மேல் ஏறி நின்றார். கூட்டம் ஆவலாகப் பார்த்தது. அப்போதுதான் வைத்தியர் அவருடைய கைக்கடிகாரத்தைக் கவனித்தார்.

"அண்ணாச்சி, உங்க கடிகாரத்துல மணி ஏழரைன்னு காட்டுதே?"

"கிள்ளான்ல மாப்ளே திருப்பி வச்சாரு. அது மலேசியா நேரம். நம்ம அஞ்சு அங்க ஏழரை."

"நீங்க இப்ப நிக்கிறது எங்க?"

வியாகப்பன் குனிந்து காலடியைப் பார்த்தார். "மலேசியாவுலதான்."

"அப்ப உங்களுக்கு ஏழரை ஆயிட்டே!"

நாகலிங்கம் கன்னத்தில் போட்டுக்கொண்டார். "ஏழரை நாட்டுச் சனி, ஏழரை நாட்டுச் சனின்னு சொல்லுதாங்களே, இந்த நாட்டைத்தானா?"

குருசம்மாள் யோசித்தார். "ஏழரைன்னா ஆட்டம் முடிஞ்சிருக்குமே. அண்ணாச்சி, யாரு ஜெயிச்சான்னு அங்கேருந்து பாத்துச் சொல்லுங்க. தெரிஞ்சிட்டா நாங்க இந்த வெயில்ல ஓட வேண்டாம்."

வியாகப்பன் கண்ணுக்கு மேலே கையை வைத்து நாலு பக்கமும் பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார். அவர் பொய் சொல்லத் தெரியாத மனுஷன்.

"இங்க ஒரே இருட்டா இருக்கு குருசம்மா" என்றார். "ஏழரையாச்சே, ஆட்டம் முடிஞ்சு எல்லாரும் வீட்டுக்குப் போயிருப்பாங்க. யாரைக் கேக்கிறது?"

ஆட்டக்காரர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். தலைவர் எல்லாரும் வீட்டுக்குப் போய்விட்டார்கள் என்கிறார். அவர்களோ மைதானத்தில் நிற்கிறார்கள். இது அவரைப் பொய்யராக்குகிற காரியம். ஒவ்வொருவராக மைதானத்தை விட்டு வெளியே போனார்கள். வேனில் வந்த கூட்டம் இதைவிட நல்ல ஆட்டத்தை எங்கேயும் பார்த்ததில்லை. விழுந்து விழுந்து சிரித்து, கைவலிக்கத் தட்டிவிட்டுப் புறப்பட்டது.

வைத்தியர் ஓர் அரிக்கேன் விளக்கைக் கொளுத்திக்கொண்டு வந்து, சுட்டெரிக்கிற வெயிலில் தலைவர் பக்கம் நீட்டினார். குருசம்மாள் அடுப்பிலிருந்து அப்போதுதான் இறக்கிய டீயை ஒரு டம்ளரில் ஊற்றிக்கொண்டு வந்தார்.

"கொஞ்சம் பொறு" என்றார் நாகலிங்கம். "இங்க அஞ்சு மணிக்குக் குடுக்கிற டீ அங்க ஏழரைக்குத்தானே போய்ச் சேரும்? ரெண்டரை மணி நேரத்துல ஆறி அவலாப் போயிருமே."

"ஆறினா என்ன? இந்த இருட்டுல கிடைச்சதே பெரிசு" என்று சொல்லி, வியாகப்பன் டம்ளரை வாங்கி ஒரே மடக்காகக் கவிழ்த்துக்கொண்டார்.

கண் பிதுங்கியது. நாக்கை வெளியே நீட்டிக்கொண்டு, கட்டியின்மேலேயே ஒற்றைக் காலில் குதித்தார். மூச்சு வந்ததும், விளக்கு வெளிச்சத்தில் அந்த டம்ளரை மரியாதையோடு திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"ஆறின டீயே இந்தச் சூடு சுடுது! என்ன இருந்தாலும் வெளிநாடு வெளிநாடுதான்."